ஒரே தடி, ஓராயிரம் அடி!

பந்து எங்கே போய் விழுந்தது தெரியுமா? மோட்டார் கார்கள் நிறுத்தியிருந்த இடத்தில்!

1979-ம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள லித்தம் என்ற ஊர். 1860-ல் தொடங்கி நடந்து வரும் பிரிட்டிஷ் ஓபன் கோல்ப் பந்தயத்தின் கடைசி நாள். கடற்காற்று பிய்த்து வாங்கிக் கொண்டிருந்தது. முன்னணியில் இருந்தவர் ஸ்பெயின் தேசத்து வாலிபர். வயது 22. பெயர் செவரியானோ பாலஸ்டெரோஸ். ரசிகர்களுக்குச் சுருக்கமாக "செவ்வி".

பதினாறாவது குழிக்காக அவர் ஓங்கி அடித்த பந்து வலப்பக்கம் விலகிப் பறந்து, தற்காலிகமாகக் கார்கள் நிறுத்தியிருந்த புல்வெளியில் போய் விழுந்தது. வேறொருவராக இருந்தால் அங்கேயே மனம் உடைந்திருப்பார். செவ்வி உடையவில்லை. இடைஞ்சலாக இருந்த காரை விட்டுத் தள்ளிப் பந்தை வைத்துக் கொள்ள விதி இடம் கொடுத்தது. மிதிபட்ட வெறும் புல்லிலிருந்து பந்தை உயரத் தூக்கி அடித்தார். அது குழிக்குச் சில கஜ தூரத்தில் வந்து நின்றது. அடுத்த அடியில் குழிக்குள்!

அன்று மாலை கோப்பை அவர் கையில். ஜாக் நிக்லாஸும் பென் கிரென்ஷாவும் மூன்று அடி பின்தங்கி இரண்டாம் இடத்தைப் பகிர்ந்து கொண்டார்கள்.

"கார் நிறுத்தத்து சாம்பியன்" என்று சிலர் கேலி செய்தார்கள். அதிர்ஷ்டம் என்றார்கள் சிலர். ஆனால், கண்ட இடத்தில் கிடக்கும் பந்தைக் கச்சிதமாக அடிக்கும் வித்தை அதிர்ஷ்டத்தால் வருவதல்ல. அதை அவர் எங்கே கற்றார் என்று பார்த்தால், கோல்ப் ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்யும் பயிற்சி ஏன் வீணாகிறது என்பதும் விளங்கும்.

கிட்டிப்புள்ளின் பணக்கார அண்ணன்

கோல்ப் ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டிப்புள் ஆடியிருப்பீர்கள். புள் போய் விழுந்த இடம் மேடோ, பள்ளமோ, முள்ளோ, அங்கிருந்தே மறுபடி தட்டி எழுப்ப வேண்டும் என்று ஒரு வகை ஆட்டம் உண்டல்லவா? கோல்பும் ஏறக்குறைய அப்படித்தான். பல நூறு கஜத்துக்கு அப்பால் நாலே கால் அங்குல அகலத்தில் ஒரு குழி இருக்கும். பந்து விழும் இடத்திலிருந்தே அடித்து அடித்துக் கொண்டு போய் அந்தக் குழியில் போட வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழி. மொத்தத்தில் யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி.

இதற்காக ஆட்டக்காரர் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக் கொள்ளலாம். தூரத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, மணலிலிருந்து எடுக்க ஒன்று, கடைசியில் உருட்டி விட ஒன்று. ஒவ்வொன்றின் முகமும் ஒவ்வொரு சாய்வில் இருக்கும்.

செவ்வியிடம் இருந்ததோ ஒரே ஒரு மட்டை!

நிலா வெளிச்சத்தில்

ஸ்பெயினின் வடக்குக் கரையில், சாந்தாந்தேர் நகரத்துக்கு எதிரே, வளைகுடாவின் மறுகரையில் பெட்ரேன்யா என்ற சிறு கிராமம். 1957-ல் அங்கே ஒரு விவசாயி வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார் செவ்வி. கிராமத்தை ஒட்டியே பணக்காரர்களின் கோல்ப் கிளப். ஊர்ப் பையன்கள் அங்கே போய், பெரிய மனிதர்களின் மட்டைப் பையைச் சுமந்து நாலு காசு சம்பாதிப்பார்கள். அந்தப் பையன்களுக்குக் "கேடி" என்று பெயர். நம் ஊர்ப் போலீஸ் பதிவேட்டுக் கேடிகள் என்று நினைத்து விடாதீர்கள்! செவ்வியின் அண்ணன்மார் அந்த வழியில் வந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். தாய்மாமன் ராமோன் சோத்தா 1965-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பந்தயத்தில் ஆறாம் இடம் பிடித்தவர்.

ஆனாலும் மட்டை தூக்கும் பையன், நினைத்த நேரத்தில் அந்த மைதானத்தில் இறங்கி ஆடி விட முடியாது. ஆகவே செவ்வி கடற்கரைக்குப் போனார். முதலில் அவரிடம் இருந்தது பழைய மட்டை ஒன்றின் தலை மட்டுமே. அதில் ஒரு குச்சியைச் செருகி, பந்து கிடைக்காத நாளில் கூழாங்கல்லை அடித்தார். எட்டு வயது வாக்கில் அண்ணன் மானுவல் ஒரு மட்டையைக் கொடுத்தார். மூன்றாம் எண் இரும்பு மட்டை.

இந்த மூன்றாம் எண் மட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தூர அடிக்கென்று செய்தது. அதன் முகம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். பந்து தாழ்வாக, நெடுந்தூரம் போகும். மணலில் கிடக்கும் பந்தைச் செங்குத்தாக எழுப்ப வேண்டுமென்றால், அதைப் போல இரண்டரை மடங்கு சாய்ந்த முகமுள்ள வேறு மட்டை வேண்டும். பையனிடம் அது கிடையாது. என்ன செய்வான்? மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பினான். பிடியைத் தாழ்த்தினான். மணிக்கட்டை ஒரு விதமாக மடக்கிப் பார்த்தான். சரி வரவில்லை, வேறு விதமாக மடக்கினான். ஈர மணலில் ஒரு மாதிரி, காய்ந்த மணலில் ஒரு மாதிரி. காற்றுக்கு எதிரே தாழ்வாக, காற்றோடு போகும்போது உயரமாக. மணலில் தானே குழி தோண்டி, இருபது கஜத்திலிருந்து ஓர் அடி, நூறு கஜத்திலிருந்து ஓர் அடி. அந்தி சாய்ந்த பிறகும், நிலவு இருந்தால் இரவிலும், வேலி தாண்டிப் புல் மைதானத்துக்குள் நுழைந்து திருட்டுத்தனமாக ஆடுவதும் உண்டு.

வாத்தியார் வைத்துக் கற்றவர்கள் ஒரே வீச்சை மெருகேற்றிக் கொண்டிருந்த வயதில், இந்தப் பையன் ஒரே மட்டையில் பதினான்கு மட்டைகளின் வேலையையும் கறந்து கொண்டிருந்தான். பதினாறு வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். பத்தொன்பதாம் வயதில், 1976-ல், பிர்க்டேல் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில், இரண்டு மணல் பள்ளங்களுக்கு நடுவே இருந்த குறுகலான தடத்தில் பந்தைத் தரையோடு ஓடவிட்டு, இரண்டாம் இடத்தை நிக்லாஸோடு பகிர்ந்து கொண்டார். பெரிய ஆட்டக்காரர்கள் பந்தைத் தூக்கி அடித்திருக்கக் கூடிய இடம் அது!

ஒரு வாளிப் பந்து

இனி வசதியுள்ள ஆட்டக்காரரின் பயிற்சியைப் பார்ப்போம். எந்த நாட்டிலும் காட்சி ஒன்றுதான். பயிற்சி மைதானத்துக்குப் போகிறார். ஒரு வாளி நிறையப் பந்துக்குப் பணம் கட்டுகிறார். சமமான தரையில் ஒரு பந்தை வைத்து அடிக்கிறார். இடப்பக்கம் கோணிக் கொண்டு போகிறது. அதே மட்டை, அதே குறி, இன்னொரு பந்து. பத்தாவது பந்தில் கொஞ்சம் திருந்துகிறது. இருபதாவது நேராகப் போகிறது. முப்பதிலிருந்து ஐம்பது வரை அம்பு மாதிரி! "பிடிபட்டு விட்டது" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆட இறங்கினால், முதல் பந்தே மரத்தடியில்.

மைதானத்தில் பிடிபட்டது வழியில் எங்கே தொலைந்தது? அநேகர் வருஷக் கணக்கில் கேட்டுக் கொண்டிருக்கும் கேள்வி இது. புது மட்டை வாங்குகிறார்கள். புது வாத்தியாரிடம் போகிறார்கள். மறுபடியும் ஒரு வாளிப் பந்து!

ஆட்டத்தில் ஒரே அடி இரண்டு தரம் வருவது அபூர்வம். சாதாரண ஆட்டக்காரர் நாலு மணி நேரத்தில் தொண்ணூறு, நூறு தரம் மட்டையை வீசுகிறார். ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே சில நிமிஷ நடை, கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் கவலை. மட்டை வேறு, தூரம் வேறு, தரையின் சாய்வு வேறு. இருபது தரம் தப்பாக அடித்து இருபத்தோராவது தரம் சரியாக அடிக்கும் சலுகை அங்கே கிடையாது. எது பழகவில்லையோ அதையே ஆட்டம் கேட்கிறது.

சுத்தியலும் மின்சார விளக்கும்

இந்த விஷயத்தின் ஆணிவேரை முதலில் தோண்டிப் பார்த்தவர்களில் ஒருவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் பெர்ன்ஷ்டைன். 1920-களில் மாஸ்கோவில் இருந்த மத்தியத் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில் அவர் வேலை பார்த்தார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளிகளின் மூட்டுகளில் சின்னச் சின்ன மின்சார விளக்குகளைக் கட்டி, அவற்றின் அசைவைப் போட்டோ பிடித்தார்.

தேர்ந்த கை ஒவ்வொரு அடியிலும் அச்சடித்தாற்போல் ஒரே பாதையில் போகும் என்று நினைப்போம் அல்லவா? போகவில்லை! தோள் ஒரு தடவை சற்று முந்தியது, முழங்கை ஒரு தடவை சற்றுப் பிந்தியது. ஆனால் சுத்தியலின் முகம் மட்டும் விழ வேண்டிய இடத்திலேயே விழுந்தது. ஓரிடத்துப் பிசகை இன்னோரிடம் அந்த நொடியிலேயே ஈடு கட்டி விட்டது. கைத்தேர்ச்சி என்பது ஓர் அசைவை நெட்டுருப் போடுவதல்ல, ஒவ்வொரு முறையும் கணக்கைப் புதிதாகப் போட்டு அதே விடைக்கு வந்து சேருவது என்பதே பெர்ன்ஷ்டைன் கண்ட முடிவு.

கோல்ப் வீச்சும் இதே ரகம்தான்.

கலந்து கட்டினால்...

பின்னால் வந்த பரிசோதனைகள் ஆச்சரியமானவை. 1978-ல் கெர், பூத் என்ற இருவர் எட்டு வயதுக் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிச் சிறு மூட்டைகளைக் குறி பார்த்து எறியச் சொன்னார்கள். ஒரு பிரிவு மூன்றடி தூரத்துக்கு மட்டும் எறிந்து பழகியது. மற்றது இரண்டடிக்கும் நாலடிக்கும் எறிந்தது; மூன்றடியைத் தொடவே இல்லை. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு பரீட்சை வைத்தது மூன்றடியில். ஜெயித்தது யார்? மூன்றடியைத் தொடாத குழந்தைகள்!

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஷே, மார்கன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், சிறு மரத் தடுப்புகளை ஒரு வரிசைக் கிரமத்தில் வேகமாகத் தட்டிச் சாய்க்கும் மூன்று விதமான வேலைகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு முதல் வேலையை முழுக்க முடித்துக் கொண்டு இரண்டாவதற்குப் போனது. இன்னொரு பிரிவு மூன்றையும் கலந்து கட்டி, அடுத்து எது வரும் என்று தெரியாமல் செய்தது. பழகும்போது முதல் பிரிவே முன்னால் நின்றது. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தபோது நிலைமை தலைகீழ். கலந்து பழகியவர்களே வேகமாகச் செய்தார்கள்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்து விளையாட்டு என்று சொல்லலாம். 1994-ல் வந்த பரிசோதனை நிஜமான பந்தடி பற்றியது. ஹால் என்ற பேராசிரியையும் உடன் இருந்தவர்களும் கலிபோர்னியாவில் கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களைச் சேர்த்துக் கொண்டார்கள். வழக்கமான பயிற்சிக்கு மேல், வாரம் இரண்டு நாள், ஆறு வாரத்துக்கு, நாளொன்றுக்கு 45 பந்து அதிகப்படி. வேகப் பந்து 15, வளைந்து வருவது 15, வேகம் குறைந்து ஏமாற்றுவது 15. ஒரு பிரிவுக்கு இவை வகை வகையாக வந்தன: வேகப் பந்து பதினைந்தும் முடிந்த பிறகு அடுத்தது. இன்னொரு பிரிவுக்கு அதே 45 பந்தும் கலைத்துப் போட்ட சீட்டுக் கட்டு மாதிரி வந்தன. பந்துகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடக் கூடுதல் குறைவில்லை.

முடிவில் வகை வகையாகப் பழகியவர்கள் நூற்றுக்கு 25 முன்னேறியிருந்தார்கள். கலந்து பழகியவர்கள் 57! அதிகப்படிப் பயிற்சியே இல்லாதவர்கள் வெறும் 6.

காரணம் என்ன? 1983-ல் லீ, மேகில் என்ற இருவர் சொன்ன விளக்கம் எளிமையானது. ஒரே அடியைத் தொடர்ந்து அடிக்கும்போது முதல் அடிக்குப் போட்ட கணக்கு மூளையில் சூடாகவே இருக்கிறது. இரண்டாவது அடிக்கு யோசனை தேவையில்லை, பழசையே எடுத்து ஓட்டி விடலாம். நடுவில் வேறு ஓர் அடியை நுழைத்தால் பழைய கணக்கு மறந்து போகிறது. மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். இப்படி மறந்து மறந்து போடுகிற கணக்குத்தான் நிலைத்து நிற்கிறது. ஆட்டத்தின் நடுவே மூளை செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

மனசு சொல்லும் பொய்

இவ்வளவு தெரிந்த பிறகும் அநேகர் ஏன் வாளிப் பந்தை விடுவதில்லை? 2001-ல் சைமன், பியார்க் என்ற இருவர் இதற்கு விடை கண்டார்கள். விசைகளைக் குறித்த நேரத்துக்குள் குறித்த வரிசையில் தட்டும் பழக்கத்தைச் சிலருக்குக் கொடுத்தார்கள். இங்கேயும் ஒரு பிரிவு தனித்தனியாகவும், மற்றது கலந்தும் பழகியது. பழக்கம் முடிந்ததும் "நாளைக்கு எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். தனித்தனியாகப் பழகியவர்கள் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னார்கள். கலந்து பழகியவர்களுக்கு அவ்வளவு தைரியமில்லை. மறுநாள் தைரியசாலிகள் தோற்றார்கள்!

நன்றாக வருகிறது என்ற நினைப்பு வேறு, நன்றாகக் கற்றோம் என்பது வேறு. வாளியின் கடைசிப் பந்துகள் அம்பு மாதிரிப் போகும் சுகத்தை விட்டு, தப்பும் தவறுமாக அடிக்கும் அவஸ்தையை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? பக்கத்தில் நின்று அடிப்பவர் வேறு சிரிப்பார். கோல்ப் வாத்தியார்களுக்கும் இது தர்மசங்கடம். மணிக்கணக்குக்குச் சம்பளம் கொடுக்கும் சீடர், பாடம் முடிந்து போகும்போது முகம் மலர்ந்து போக வேண்டும் அல்லவா?

எல்லாருக்கும் ஒரே மருந்தா?

இல்லை. 1999-ல் குவாடக்னோலி என்பவரும் அவருடைய சகாக்களும் பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியை வைத்துப் பரிசோதித்தபோது, பழகியவர்களுக்குக் கலப்புப் பயிற்சியும், புதியவர்களுக்குத் தனித்தனிப் பயிற்சியும் பலன் தந்தன. நேற்று மட்டையைத் தொட்டவருக்கு ஒரே அடியே போதுமான புதிர். அவருக்குப் பதினான்கு புதிர்களை ஒன்றாகக் கொடுத்தால் தலை சுற்றும். பிடி படிந்து, பத்துக்கு ஏழு தடவையாவது பந்தில் மட்டை சரியாகப் படுகிற மட்டும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பதில் குற்றமில்லை. அதற்கு மேலும் அதையே பிடித்துக் கொண்டிருப்பதுதான் தவறு.

ஒரே அடியை அடித்து அடித்தே பெயர் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் மோ நார்மன் தினமும் நூற்றுக்கணக்கான பந்துகளை நூல் பிடித்த மாதிரி அடித்தவர். பிஜித் தீவில் இந்திய வம்சத்தில் பிறந்த விஜய் சிங், பயிற்சி மைதானத்தை விட்டு நகரவே மாட்டார் என்று பெயர் எடுத்தவர். 2004-ல் டைகர் உட்ஸை இறக்கி உலகின் முதல் இடத்துக்கு வந்தார். நாளெல்லாம் அடிக்க நேரமும் தெம்பும் உள்ளவர்களின் கதை அது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் குமாஸ்தாவுக்கோ டாக்டருக்கோ அந்த வழி கட்டுபடியாகாது.

செவ்வியின் கதையும் முழுக்கத் தித்திப்பல்ல. ஐந்து பெரும் பட்டங்களை வென்றார்: பிரிட்டிஷ் ஓபன் மூன்று தடவை, மாஸ்டர்ஸ் இரண்டு தடவை. ஆனால் முதல் அடி எங்கே போகும் என்பது அவருக்கு எப்போதுமே சந்தேகம்தான். முதுகுவலி வாட்டியது. பின்னாளில் வாத்தியார் மாற்றி வாத்தியாரிடம் போய்ப் புத்தக லட்சணமான வீச்சைத் தேடினார். அது கிட்டவில்லை, இருந்த வீச்சும் கெட்டது. 1995-ல் ஸ்பானிஷ் ஓபனே கடைசி வெற்றி. 2011-ல், மூளையில் வந்த கட்டியால், 54-ம் வயதில் பெட்ரேன்யா வீட்டில் காலமானார். குழிக்கு அருகே, மணலிலும் புதரிலும் அவர் காட்டிய கைவித்தை மட்டும் கடைசி வரை போகவில்லை.

செய்வது எப்படி?

வாளிப் பந்தை விட்டு விட வேண்டியதில்லை. அதே வாளி, அதே ஒரு மணி நேரம். முதல் பத்துப் பந்து உடம்பைச் சூடேற்ற, எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம். பிறகு ஒரு மட்டையால் இரண்டு தரம் தொடர்ந்து அடிப்பதில்லை என்று ஒரு விரதம்.

வழக்கமாக ஆடும் மைதானத்தை மனக்கண்ணில் கொண்டு வந்து அங்கேயே ஆடலாம். முதல் குழிக்கு நீண்ட மட்டை. அந்தப் பந்து வலப்பக்கம் விலகிப் போயிற்றா? சரி, இப்போது மரத்தடியில் நிற்கிறோம். அடுத்த மட்டையை எடுத்துக் கிளைக்குக் கீழே தாழ்வாக ஓர் அடி. அதற்கடுத்து நாற்பது கஜத்துக்கு மெதுவாக ஒரு தூக்கு. இப்படியே இரண்டாம் குழி, மூன்றாம் குழி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பந்துக்குப் பின்னே வந்து நின்று, குறியைப் பார்த்து, ஆட்டத்தில் செய்வதை எல்லாம் செய்து விட்டே அடிக்க வேண்டும். பந்துகள் சீக்கிரம் தீராது. அதுவும் லாபமே.

வேறொரு நாள் செவ்வியின் வழி. ஏழாம் எண் மட்டை ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்வது. அதே மட்டையால் ஒன்று உயரமாக, ஒன்று தாழ்வாக, ஒன்று இடம் வளைய, ஒன்று வலம் வளைய, ஒன்று பாதி தூரத்துக்கு. பாதிக்கு மேல் கோணலாகத்தான் போகும். எந்தக் கை அசைவுக்குப் பந்து எப்படிக் கோணுகிறது என்று கைக்குத் தெரிய வருவது அப்போதுதான். மேட்டுச் சரிவு, பள்ளச் சரிவு, புல் அடர்ந்த ஓரம் என்று இடத்தை மாற்ற மைதானத்தில் வசதியிருந்தால் இன்னும் நல்லது.

குழிக்கு அருகே உருட்டும் பயிற்சியில் அநேகர் மூன்று நாலு பந்துகளை வரிசையாக வைத்து ஒரே இடத்திலிருந்து உருட்டுகிறார்கள். முதல் பந்து காட்டிய வழியில் மற்றவை போகின்றன. நாலாவது பந்து குழிக்குள் விழுவதில் பெருமை என்ன இருக்கிறது? ஆட்டத்தில் முதல் பந்துக்கு மட்டும்தான் கணக்கு. ஆகவே அங்கே போகும்போது சட்டைப் பையில் ஒரே ஒரு பந்து. மூன்றடியிலிருந்து ஒன்று, அது விழுந்ததும் இருபதடிக்கு நடந்து போய் அங்கிருந்து ஒன்று, பிறகு மேட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று. விழாவிட்டால், நின்ற இடத்திலிருந்தே உருட்டி முடித்து விட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டியதுதான்.